அரை ஓய்வு, வான் (van) பயணம், பேத்தி: எப்படிச் சமாளிப்பது?

வெள்ளவத்தை அக்கா:
வணக்கம். கணக்காய்வு வேலையை அரைநேரமாக்கிவிட்டேன். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். பழைய டொல்பின் வானில் பின்சீற்றுகளைக் கழற்றி, பலகைக் கட்டில் அடித்து, 2.3 கிலோ காஸ் சிலிண்டரும் வைத்தாயிற்று. திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஆறுதலாக நின்று நின்று போக ஆசை. ஆனால் பள்ளி விட்டதும் பேத்தியைக் கூட்டிவருவது நான்தான். மகள் "போங்கோ அம்மா" என்கிறாள். முகம் வேறு சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் மாமியும் தனிய இருக்கிறார். உங்கள் வீடுகளில் எப்படி?

தெஹிவளை அண்ணை:
தங்கச்சி, மாமியிலிருந்தே தொடங்குங்கள். யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். அவரோடு கொஞ்ச நாள் நின்றுவிட்டு அப்படியே திருகோணமலைக்கு இறங்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பில் தென்மேற்குப் பருவமழை, திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக் கடலோ அமைதியாக இருக்கும். டிசம்பரில் கிழக்கில்தான் மழை, அப்போது போகவேண்டாம். ஹபரணைப் பக்கம் இருட்டியபின் ஓடவே வேண்டாம், யானை றோட்டைக் கடக்கும்.

கொட்டாஞ்சேனை மகள்:
ஆன்ரி, என் அம்மாவும் இப்படித்தான் திரிகிறார். எனக்குக் கோபம் வந்தது அவர் போனதற்கு அல்ல, முதல்நாள் இரவு சொன்னதற்கு. ஒரு மாதம் முன்பே திகதி சொன்னால் ஸ்கூல் வானுக்கு ஒழுங்கு செய்யலாம், லீவும் போடலாம். மகளிடம் நேரே கேளுங்கள்.

வெள்ளவத்தை அக்கா:
சரி பிள்ளை, இன்றைக்கே கேட்கிறேன். அண்ணை, நிலாவெளியில் இரவு வானை எங்கே நிறுத்துவீர்கள்?