பஹாமாஸ் புயல் நிவாரணமும் சபைகளின் ஊழியமும்: ஆட்களை அனுப்புவதா, பணத்தை அனுப்புவதா?

கேள்வி – தம்பாவாசி

அனைவருக்கும் வணக்கம். ஃபுளோரிடாவில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் சிறிய சபையொன்றின் நிவாரணக் குழுவில் நான் இருக்கிறேன். அட்லாண்டிக் புயல்பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்வது. அது தொடங்குமுன், அருகிலுள்ள தீவுகளில் பேரிடர் நேர்ந்தால் சபை என்ன செய்யும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம். உடனே ஒரு குழுவாகக் கிளம்பி, ஒரு வாரம் தங்கி வீடுகளைச் சீரமைத்து, மாலைகளில் நற்செய்திக் கூட்டமும் நடத்தித் திரும்ப வேண்டும் என்பது இளைஞர்களின் விருப்பம். விமானக் கட்டணத்துக்கு ஆகும் தொகையை அப்படியே அங்குள்ள சபைக்கு அனுப்பிவிடலாம் என்பது மூப்பர்கள் சிலரின் கருத்து.

2019இல் டோரியன் புயல் பஹாமாஸைத் தாக்கியபோது சபைகளும் மிஷன் அமைப்புகளும் செய்த பணியை முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். அங்கே எது உண்மையில் பயன்பட்டது? நிவாரணத்தோடு நற்செய்தி அறிவிப்பதையும் இணைப்பது முறையா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – சரக்குக்கணக்கர்

பேரிடர் நிவாரணப் பொருள்களை அனுப்பிப் பங்கிடும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இறையியல் கேள்வியை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

டோரியன் 2019 செப்டம்பர் 1 அன்று அபாக்கோ தீவுக்கூட்டத்தின் எல்போ கீ அருகே மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது. மறுநாள் கிராண்ட் பஹாமா தீவை அடைந்து, ஒரு நாளுக்கும் மேலாக நகர மனமில்லாததுபோல் அதன் மேலேயே நின்றது. காற்று செய்த சேதத்தோடு, அந்த நீண்ட நேரத்தில் உள்ளே ஏறிய கடல்நீர் செய்த சேதமும் சேர்ந்தது. தீவின் முதன்மை மருத்துவமனையான ஃப்ரீபோர்ட்டின் ராண்ட் நினைவு மருத்துவமனையும் பெரும் பாதிப்புக்கு உள்ளானது.

அந்த நிலையில் சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு தன் சொந்த சரக்கு விமானத்தில் கள மருத்துவமனையொன்றைக் கொண்டுவந்து ஃப்ரீபோர்ட்டில் நிறுவியது. இதில் கவனிக்க வேண்டியது வந்தவர்களின் ஆர்வத்தைவிட அவர்களின் ஆயத்தமே. அறுவைச் சிகிச்சைக் கூடம், மின்னாக்கி, மருந்து, மருத்துவர், செவிலியர் என எல்லாம் முன்னரே கட்டி வைக்கப்பட்டிருந்ததோடு, அவசர மருத்துவக் குழுக்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள தரமதிப்பீட்டிலும் அந்த அமைப்பு ஏற்கெனவே தேர்ந்திருந்தது. அத்தகைய ஆயத்தம் இல்லாத எவரும் முதல் வாரத்தில் அங்கே போவது, இருக்கும் சொற்பக் குடிநீரில் பங்கு கேட்பதாகவே முடியும்.

குடிநீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பஹாமாஸ் தீவுகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஆறு என்று சொல்லத்தக்க நன்னீரோட்டம் அங்கே அநேகமாகக் கிடையாது. பெய்த மழைநீர் பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கிணறுகள் எடுப்பது அந்த அடுக்கைத்தான். கடல் ஏறி நிலத்தில் தேங்கினால் உப்பு மேலிருந்தே இறங்கி அந்த அடுக்கைக் கெடுத்துவிடுகிறது. கிராண்ட் பஹாமாவில் குடிநீர்க் கிணறுகள் தொகுதியாக அமைந்த நீர்வயல்களில் நேர்ந்தது இதுவே. மழை கழுவிச் சரிசெய்ய மாதங்களோ ஆண்டுகளோ ஆகும் என்பதால், வாட்டர் மிஷன் போன்ற கிறிஸ்தவப் பொறியியல் அமைப்புகள் உப்பகற்றும் ஆர்.ஓ. இயந்திரங்களை அங்கே நிறுவின. பாட்டில் தண்ணீரைக் கப்பல் கப்பலாக இறக்குவதைவிட இது பன்மடங்கு பயனுள்ளது. வெற்று பாட்டில்களை எங்கே கொட்டுவது என்ற தொல்லையும் இல்லை.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். பழைய துணி சேகரித்து அனுப்பும் எண்ணம் உங்கள் குழுவில் எவருக்கேனும் இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் அவ்வாறு வந்த துணிகள் சாலையோரம் குவிந்து மழையில் அழுகியதை நம்மவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள்.

பதில் – ஆயர் ஒருவர்

சகோதரரே, உங்கள் இரண்டாம் கேள்வியில் மறைந்திருக்கும் ஓர் அனுமானத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். பஹாமாஸ் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பாப்டிஸ்டுகள். அந்த பாப்டிஸ்ட் மரபை வெளிநாட்டு மிஷனரிகள் தொடங்கவுமில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பிரின்ஸ் வில்லியம்ஸ் போன்ற கறுப்பினப் போதகர்களே தலைநகர் நாசோவில் சபைகளை எழுப்பினர். இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தினர் அங்கே போய்ச் சேர்ந்தது 1833இல்தான். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஜெபித்துவரும் ஒரு மக்களிடம், கூரை பறந்துபோன வாரத்தில் போய் நற்செய்திக் கூட்டம் நடத்துவது அவர்களுக்கு எப்படித் தோன்றும் என்று உங்கள் இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அவர்கள் நடத்தும் ஆராதனையில் போய்ப் பின்வரிசையில் அமர்வது அதைவிட நல்ல ஊழியம் என்பது என் துணிபு.

புயலும் அருட்பணியும் அங்கே சந்தித்த பழைய கதை ஒன்று உண்டு. கட்டடக்கலை பயின்ற ஆங்கிலேயரான ஜான் ஹாஸ் என்ற ஆங்கிலிக்கன் குரு, புயலில் சிதைந்த ஆலயங்களைச் செப்பனிடுவதற்காக 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் இறுதியில் பஹாமாஸின் லாங் ஐலண்டுக்குச் சென்றார். பறந்துபோகும் மரக்கூரைக்குப் பதிலாகக் காற்றைத் தாங்கும் கல் கூரைகளை எழுப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர் கத்தோலிக்கராகி, மேற்கு ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகள் பங்குக் குருவாகவும் கட்டடக் கலைஞராகவும் பணியாற்றி, முதிய வயதில் மீண்டும் பஹாமாஸுக்கே வந்தார். கேட் ஐலண்டில், நாட்டின் மிக உயர்ந்த இடமான 63 மீட்டர்க் குன்றின் மேல் தன் கையால் சிறு துறவுக்குடில் ஒன்றைக் கட்டி வாழ்ந்து, 1956இல் காலமானார். கிளாரன்ஸ் டவுன் என்ற சிற்றூரில் அவர் எழுப்பிய ஆங்கிலிக்கன் ஆலயமும் கத்தோலிக்க ஆலயமும் இன்றும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. சபை வேறுபாட்டைப் பெரிதாக எண்ணுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தொழில்திறனும் நெடுங்காலத் தங்கலும். ஒரு வாரப் பயணத்தில் இவ்விரண்டில் ஒன்றேனும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் – வெளியிலிருந்து

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆகவே சற்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். 1994இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த நடத்தை விதிகளில், உதவியை எந்த அரசியல் அல்லது மதக் கருத்தையும் முன்னெடுப்பதற்குப் பயன்படுத்தலாகாது என்பது மூன்றாவது விதி. உணவுப் பொட்டலத்தை வாங்க வந்தவர் ஜெபம் முடியும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தால், வாயால் எவரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அது கட்டாயமே.

இதைவிடக் கடினமான சோதனை அபாக்கோவில் இருந்தது. அங்குள்ள மார்ஷ் ஹார்பர் நகரின் மட், பிஜன் பீஸ் என்ற குடிசைப் பகுதிகளில் ஹெய்ட்டியிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும் நெருக்கமாக வாழ்ந்தனர். ஒட்டுப்பலகை வீடுகள் அனைத்தும் நொறுங்கின. பஹாமாஸில் அதிகாரபூர்வமாக உறுதிசெய்யப்பட்ட மரணங்கள் 74; காணாமற் போனோர் நூற்றுக்கணக்கில். ஆவணமில்லாத மக்கள் வாழ்ந்த இடத்தில் இறந்தோரின் எண்ணிக்கை முழுமையாகத் தெரியவரும் என்று நம்ப எனக்கு மனமில்லை. புயலுக்குச் சில நாள்களிலேயே அப்பகுதிகளில் மீண்டும் வீடு கட்ட அரசு தடை விதித்தது; அடுத்த மாதமே ஹெய்ட்டியர்களை நாடுகடத்துவதும் தொடர்ந்ததால், பெயரைப் பதிந்து நிவாரணம் பெறவே பலர் அஞ்சினர். உங்கள் சபை அனுப்பும் பணம் இத்தகையோரைச் சென்று சேருமா, அவர்களின் பெயர்ப்பட்டியல் எவர் கைக்குப் போகும் என்ற கேள்விகளுக்கு உங்கள் கொள்கையில் விடை இருந்தால், நீங்கள் ஜெபிப்பதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

கேள்வியாளர் – தம்பாவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நற்செய்திக் கூட்டத்தைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடப் பரிந்துரைக்கப் போகிறேன். ஹெய்ட்டியர்களைப் பற்றி எங்கள் குழுவில் எவரும் இதுவரை பேசியதே இல்லை. அவர்களுக்கென்று கிரியோல் மொழியில் ஆராதனை நடத்தும் சபைகள் பஹாமாஸில் இருப்பதால், அவற்றின் வழியாக ஒரு பகுதியை அனுப்ப இயலுமா என்று விசாரிக்கிறேன். இருப்பினும் எங்கள் இளைஞர்களில் இரண்டு தச்சர்களும் ஒரு மின்பணியாளரும் இருக்கிறார்கள். அவர்கள் போவதே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் – சரக்குக்கணக்கர்

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஐயா. காலத்தை மட்டும் தள்ளி வையுங்கள். செய்தியாளர்களும் பெரிய அமைப்புகளும் கிளம்பிய பின்னரும், நீலத் தார்ப்பாய் போர்த்திய வீடுகள் ஆண்டுக் கணக்கில் அப்படியே இருக்கும். தச்சருக்கு அப்போதுதான் வேலை. கூரைச் சட்டங்களைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டைகளை முறையாக அடிக்கத் தெரிந்த ஒருவர், அடுத்த புயலில் ஒரு கூரையைக் காப்பாற்றுகிறார். ஆனால் அங்கேயும் தச்சர்கள் இருக்கிறார்கள், அவர்களும் வேலை இழந்து நிற்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். கூலியையும் மரப்பொருள் செலவையும் நீங்கள் ஏற்று, உங்கள் ஆட்கள் உள்ளூர் மேஸ்திரியின் கீழ் உதவியாளராக நிற்பது எனக்குத் தெரிந்தவரை நல்ல ஏற்பாடு.

உள்ளூர்ச் சபையிடமிருந்து எழுத்துமூலமான அழைப்பு வரும்வரை பயணச்சீட்டு வாங்காதீர்கள். தன்னார்வப் பணிக்கு அனுமதி தேவையா என்பதை அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பணத்தையும் ஒரே தவணையில் கொடுத்துவிட வேண்டாம். டோரியன் கடந்து ஏழாம் மாதம் முடிவதற்குள் கொரோனா தொற்றால் பஹாமாஸ் தன் எல்லையை மூடியபோது வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்துபோவது நின்றுபோனது. எஞ்சிய வீடுகளைக் கட்டும் பொறுப்பு உள்ளூர்ச் சபையினரின் கையில்தான் இருந்தது. அப்போது அனுப்புவதற்கென்று ஒரு பாதியை ஒதுக்கி வைத்திருக்கும் சபைகள் மிகக் குறைவு.