88 ஜெயிச்சு கோப்பை: டிரேடா, காக்கா உட்காரப் பனம்பழமா?

கணக்குப்பிள்ளை
பக்கத்து இழையில ஒருத்தர் அருள்வாக்கு குடுத்திருக்கார்: அமெரிக்க பேஸ்பால்ல (MLB) ஜூலைல நாலு டிரேடு (ஆளைக் குடுத்து ஆளை வாங்குறது) பண்ணினா அக்டோபர்ல கோப்பையாம், 2021ல கோப்பை தூக்கின அட்லாண்டா பிரேவ்ஸ்தான் அதுக்குச் சாட்சியாம். பார்த்தாச்சு சாமி. 88 வெற்றி. அந்த வருஷம் பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு அக்டோபர்ல நடக்கிற நாக்அவுட் சுற்று) போன 10 அணியிலயும் அதுதான் ஆகக் கம்மி. டொரன்டோ 91 ஜெயிச்சு வீட்டுக்குப் போச்சு, சியாட்டில் 90 ஜெயிச்சு வீட்டுக்குப் போச்சு. பிரேவ்ஸ் டிவிஷன்ல (அஞ்சு அணி கொண்ட பிரிவு, முதலிடத்துக்கு நேரா பிளேஆஃப்) ரெண்டாவதா வந்த பில்லீஸ் 82. மெட்ஸ் 77. இப்படி ஒரு டிவிஷன் வாய்ச்சா டிரேடு எதுக்கு, தேங்காய் உடைச்சாலே போதும்.

வெளிவட்டம்
வந்துட்டார்யா. அந்த அருள்வாக்கு நான் சொன்னதுதான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஜூலை 10 மயாமியில பிரேவ்ஸ் அவுட்ஃபீல்டர் அக்கூன்யாவுக்கு முழங்கால் தசைநார் கிழிஞ்சுது. ஓசுனா மே மாசத்துக்கு அப்புறம் ஆடவே இல்ல. அவுட்ஃபீல்டே (மைதானத்தோட வெளிப்பகுதியைக் காக்கிறவங்க) காலி. பிரேவ்ஸுக்கு ஆள் சேர்க்கிற அலெக்ஸ் ஆந்தோபூலஸ் ஜூலை 15ல ஜாக் பீடர்சனை எடுத்தார், 30ம் தேதி சோலேர், டூவால், ரொசாரியோ மூணு பேரையும் எடுத்தார். இவங்க நாலு பேரும் பிரேவ்ஸ் சட்டையில மட்டும் அடிச்ச ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) 44: டூவால் 16, சோலேர் 14, மத்த ரெண்டு பேரும் ஆளுக்கு 7. குடுத்தது என்ன? பிரைஸ் பால், அலெக்ஸ் ஜாக்சன், கேஸி காலிச், அப்புறம் வெறும் 0.178 சராசரியில அடிச்சிட்டிருந்த பாப்லோ சாண்டோவல். அந்த சாண்டோவலையும் கிளீவ்லாண்ட் வாங்கின கையோட விடுவிச்சிட்டாங்க. ரொசாரியோ கிட்டத்தட்ட ஓசி.

கணக்குப்பிள்ளை
44 ஹோம் ரன், ரொம்ப சந்தோஷம். மொத்த வெற்றி எத்தனை? 88.

குயின்ஸ்குமார்
எங்க மெட்ஸை 77னு போறபோக்குல சொல்லிட்டுப் போறீங்களே, எங்க பிட்சர் டிகிராம் ஜூலை 7க்கு அப்புறம் ஒரு பந்து போடலைங்கிறது தெரியுமா? 1.08 ERA (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி, கம்மின்னா நல்லது) வச்சிருந்த ஆள். நூறு நாளுக்கு மேல நாங்கதான் முதலிடம்.

வெளிவட்டம்
அதேதான் நானும் சொல்றேன் குமாரு. ரெண்டு அணிக்கும் பெரிய கை போச்சு. அட்லாண்டா ஓட்டை எங்கன்னு பார்த்து அங்க ஒட்டினாங்க. உங்க ஆளுங்களுக்குத் தேவை ஸ்டார்ட்டிங் பிட்சர் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து போடுறவர்), வாங்கினது பையஸ்ங்கிற பேட்டர். ரிச் ஹில்னு 41 வயசுக்காரரை வச்சு ஸ்டார்ட்டர் வரிசையை ஒப்பேத்தினீங்க. பையஸுக்கு விலை? பீட் குரோ-ஆர்ம்ஸ்ட்ராங். 2025ல சிகாகோ கப்ஸுக்கு 31 ஹோம் ரன், 35 ஸ்டீல் (பேஸ் திருட்டு).

குயின்ஸ்குமார்
பையஸ் எங்களுக்கு 47 ஆட்டத்துல 0.299 அடிச்சார். அந்த டிரேடுல தப்பே இல்ல. குரோ-ஆர்ம்ஸ்ட்ராங் அப்ப தோள் ஆபரேஷன் முடிச்சு படுத்திருந்த 19 வயசுப் பையன். நாலு வருஷம் கழிச்சு வந்து கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு பாடம் எடுக்காதீங்க.

புல்பென்பூபதி
டிரேடு நடக்கும் முறையே தெரியாமல் ஆளுக்கு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 2018 வரை ஜூலை 31 டிரேடு கெடுவுக்குப் பிறகும் வெய்வர் (ஓர் அணி பட்டியலில் விடும் ஆளை மற்ற அணிகள் கேட்கும் முறை) வழியாக ஆகஸ்டில் ஆள் வாங்கலாம். வெர்லாண்டர் என்ற பிட்சர் 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சில நொடிகள் முன்பு ஹூஸ்டனுக்குப் போனது அப்படித்தான். 2019 முதல் அந்தக் கதவு அடைபட்டது. கெடு முடிந்தபின் ஒருவர் காலை உடைத்துக்கொண்டால், வேறு அணி கழித்துவிட்ட ஆளைத்தான் பொறுக்க வேண்டும். அதையும் ஆகஸ்ட் 31க்குள் அணிக்குள் கொண்டுவந்தால்தான் வழக்கமாக பிளேஆஃப் தகுதி. இதனால்தான் ஒரு பெரிய ஆளுக்குக் கஜானாவைத் திறப்பதைவிட நாலு நடுத்தர ஆள் வாங்குவது புத்திசாலித்தனம். ஒருவன் சறுக்கினால் இன்னொருவன் இருப்பான். சோலேர் டிவிஷன் சீரிஸ் (பிளேஆஃபின் ஆரம்பத் தொடர்) நடுவில் கொரோனாவில் மாட்டினார். மற்ற மூவர் இருந்ததால் அணி குப்புற விழவில்லை.

கணக்குப்பிள்ளை
பூபதி வகுப்பு எடுத்து முடிச்சாச்சா? வருகைப்பதிவுல 88ன்னு போட்டுக்கங்க. ரொசாரியோ ஓசின்னு ஒருத்தர் குதிக்கிறாரே, வாங்கும்போதே வயிற்றுத் தசை பிடிப்புல காயப் பட்டியல்ல இருந்தவர். களமிறங்கினது ஆகஸ்ட் கடைசி, ஆடினது 33 ஆட்டம். ஆகஸ்ட் நடுவிலேயே பிரேவ்ஸ் முதலிடம் ஏறியாச்சு. அவர் வராமலே ஏறின மேட்டுக்கு அவருக்கு ஏன் மாலை?

வெளிவட்டம்
மாலை அவருக்கு NLCSல (நேஷனல் லீக் இறுதித் தொடர்) விழுந்துது. டாட்ஜர்ஸ்க்கு எதிரா 6 ஆட்டத்துல 14 ஹிட், சராசரி 0.560, மூணு ஹோம் ரன், தொடரோட MVP (சிறந்த ஆட்டக்காரர்). ரெண்டாவது ஆட்டத்தை ஜேன்சன் பந்துல முடிச்சு வச்சதும் அவர், ஆறாவது ஆட்டத்துல பியூலர் பந்துல மூணு ரன் ஹோம் ரன் அடிச்சதும் அவர். வேர்ல்டு சீரிஸ் (கோப்பைக்கான கடைசித் தொடர்) MVP யாரு? சோலேர். கன்சாஸ் சிட்டியில 0.192 அடிச்சு ஓரமா கிடந்தவர், முதல் ஆட்டத்தோட முதல் பேட்டரா வந்து ஹோம் ரன், நாலாவது ஆட்டத்துல மாற்று பேட்டரா வந்து ஹோம் ரன், ஆறாவதுல லூயிஸ் கார்சியா பந்தை ஹூஸ்டன் மைதானத்துக்கு வெளியவே தூக்கிட்டார். ரெண்டு MVPயும் ஜூலை 30ல வந்தவங்க. இது பனம்பழமா?

கணக்குப்பிள்ளை
டாட்ஜர்ஸ் தொடரோட ஆறாவது ஆட்டத்துல பியூலர் ஏன் மூணே நாள் ஓய்வுல வந்தார்னு சொல்லுங்களேன். சொல்ல மாட்டீங்க. நான் சொல்றேன். 106 ஜெயிச்ச டாட்ஜர்ஸ் வைல்ட் கார்டு (டிவிஷன் ஜெயிக்காதவங்களுக்கான பின்வாசல்), ஏன்னா அதே டிவிஷன்ல சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் 107. ஒத்தை ஆட்டம், செத்தா செத்ததுதான். அதுக்கு ஷெர்சர்ங்கிற பிட்சரை ஸ்டார்ட்டரா போட்டாங்க. அக்டோபர் 11 மறுபடி ஸ்டார்ட். 14ம் தேதி ஜயண்ட்ஸை முடிச்சுக் கட்ட ஒன்பதாவது இன்னிங்ஸ்ல புல்பென்லேர்ந்து (மாற்று பிட்சர்கள் காத்திருக்கிற இடம்) இழுத்தாங்க. 17ம் தேதி மறுபடி ஸ்டார்ட், அஞ்சு இன்னிங்ஸ்கூடத் தாங்கல, கை செத்துப்போச்சுன்னார். 23ம் தேதி அவர் போட வேண்டிய ஆட்டம் பியூலர் தலையில விழுந்துது. அதுல அடிச்சதுதான் உங்க ரொசாரியோ. 88 ஜெயிச்சவன் காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான், 106 ஜெயிச்சவன் நாக்குத் தள்ள ஓடினான். அதுக்கு மேல, டிவிஷன் ஜெயிச்சவன்ங்கிற ஒரே சலுகையில அந்தத் தொடர் அட்லாண்டாவுல தொடங்கிச்சு.

புல்பென்பூபதி
ஷெர்சரே கெடு நாள் டிரேடில் வந்தவர்தான் ஐயா. கெய்பர்ட் ரூயிஸ், ஜோசையா கிரே உட்பட நான்கு பேரைக் கொடுத்து ஷெர்சர், ட்ரே டர்னர் இருவரையும் எடுத்தார்கள். 11 ஸ்டார்ட்டில் 7-0, ERA 1.98. டிரேடே வெட்டி என்பவர், டிரேடில் வந்தவர் கை ஓய்ந்ததால் தோற்றார்கள் என்கிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

கணக்குப்பிள்ளை
நான் கணக்குப் பக்கம். அவ்வளவு கொட்டிக் குடுத்தும் அந்த ஒரு ஆட்டம் கிடைக்கலையே! நேருக்கு நேர் ஜயண்ட்ஸ் 10, டாட்ஜர்ஸ் 9. அந்த ஒண்ணு திரும்பியிருந்தா ரொசாரியோ பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஓரமா_ஒருத்தன்
ஒரு சந்தேகம். டிரேடு பலன் தந்துச்சுன்னா என்ன அர்த்தம்? பிளேஆஃப்க்குள்ள போறதா, போன பிறகு ஜெயிக்கிறதா? அதை முடிவு பண்ணிட்டுப் பேசினா நல்லாயிருக்கும்.

சாண்டியாகோ_சாமி
இத்தனை டிரேடு பேசறீங்க, எங்க சான் டியாகோ பாட்ரேஸை யாரும் கேக்கவே இல்ல. 2022 ஆகஸ்ட் 2. ஹுவான் சோட்டோ, ஜாஷ் பெல் ரெண்டு பேரையும் வாங்கினோம். அக்டோபர்ல 101 ஜெயிச்ச மெட்ஸை அவங்க ஊர்லயே முடிச்சோம், 111 ஜெயிச்ச டாட்ஜர்ஸை 3-1னு அனுப்பினோம். இதுக்கு மேல என்ன டிரேடு வேணும்?

குயின்ஸ்குமார்
இங்கயும் எங்களை இழுக்கணுமா?

கணக்குப்பிள்ளை
சாமி, யானை வாங்கின பெருமை சரி, தீனிக் கணக்கு? சோட்டோ அந்த வருஷம் உங்களுக்கு 52 ஆட்டத்துல 0.236, ஆறே ஹோம் ரன். பெல் 0.192. ஹாஸ்மர் டிரேடுக்குச் சம்மதிக்காம அடம் பிடிச்சதுல அவருக்குப் பதில் லூக் வாய்ட்டை வாஷிங்டனுக்குத் தள்ளி விட்டீங்க. கூடவே குடுத்த இளசுகள் ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட், ஹாசெல், சுசானா. ஏப்ரம்ஸ் 2024ல ஆல் ஸ்டார், கோரும் வுட்டும் 2025ல ஆல் ஸ்டார். 2023ல நீங்க 82-80, பிளேஆஃப் இல்ல. அந்த டிசம்பர்லயே சோட்டோவை யாங்கீஸுக்கு வித்தாச்சு. ஒண்ணரை சீசன் வாடகை.

சாண்டியாகோ_சாமி
வித்ததுல மைக்கேல் கிங் வந்தார். கூட வந்த டிரூ தோர்ப்பை வச்சு டிலன் சீஸை எடுத்தோம். 2024ல 93 வெற்றி. அதையும் உங்க பேரேட்டுல ஏத்துங்க கணக்குப்பிள்ளை.

வெளிவட்டம்
சாமி, கொஞ்சம் சும்மா இருங்க, உங்க டிரேடு என் கட்சிக்கே ஆகாது. நான் சொல்றது சில்லறை டிரேடு, நீங்க பண்ணினது நிலத்தை வித்துக் கல்யாணம்.

புல்பென்பூபதி
சில்லறை டிரேடுக்கு இன்னொரு சாட்சி 2021 கார்டினல்ஸ். ஜான் லெஸ்டரையும் ஹேப்பையும் வாங்கியபோது முதியோர் இல்லம் என்று எல்லாரும் சிரித்தார்கள். செப்டம்பரில் தொடர்ந்து 17 வெற்றி, வைல்ட் கார்டு அவர்களுக்கு. மாறாக சியாட்டில், கெடுவுக்கு மூன்று நாள் முன்பு கிரேவ்மன் என்ற குளோசரை (ஆட்டத்தை முடித்து வைக்கும் பிட்சரை), அப்போது எதிரில் ஆடிக்கொண்டிருந்த அதே ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஓய்வறையே கொதித்துப் போனது. முடிவில் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் வைல்ட் கார்டு போனது.

கணக்குப்பிள்ளை
குளோசர் ஒருத்தர் போனதுல ரெண்டு ஆட்டம் போச்சுன்னு யார் எண்ணினா? அவருக்குப் பதில் வந்த டோரோ வந்த கையோட ஹூஸ்டன் மேலயே ஹோம் ரன் அடிச்சதைச் சொல்ல மறந்துட்டீங்க. எப்படியிருந்தாலும் சியாட்டில் 90. பிரேவ்ஸ் 88. இதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

வெளிவட்டம்
அய்யோ, பதிலா வேணும்? 2022 பில்லீஸ் 87, வேர்ல்டு சீரிஸ் போனாங்க. 2023 அரிசோனா 84, போனாங்க. 2006 கார்டினல்ஸ் 83, கோப்பையே தூக்கினாங்க. அதுல கடைசி ஆட்டத்தை 8 இன்னிங்ஸ் போட்டு ஜெயிச்சுக் குடுத்த ஜெஃப் வீவர், அந்த ஜூலைல ஏஞ்சல்ஸ்கிட்டேர்ந்து வாங்கின சில்லறை. உங்க 88ஐ எங்க கொண்டுபோய் வைக்கிறீங்க?

கணக்குப்பிள்ளை
அதே வரிசையில. 83, 84, 87, 88. நீங்களே எனக்குச் சாட்சி கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி. ஆகஸ்ட் 6 வரைக்கும் ஜெயிச்சது தோத்ததைவிட ஒருநாள்கூட அதிகமா இல்லாத அணியை நீங்க வரலாற்றுப் பாடமா வைக்கிறீங்க.

வெளிவட்டம்
ஆகஸ்ட் 6 வரைக்கும். அப்புறம்? டிரேடு ஜூலை 30. ரெண்டு தேதியையும் பக்கத்துல வச்சுப் பார்க்க எழுத்துக்கூட்டத் தெரிஞ்சா போதும்.

கணக்குப்பிள்ளை
மெட்ஸ் சரிஞ்ச தேதியையும் அதுங்க பக்கத்துல வைங்க.

குயின்ஸ்குமார்
திரும்பவுமா? ரசிகர்கள் கூச்சல் போட்டதுக்கு ஆட்டக்காரங்க கட்டைவிரலைக் கீழ காட்டினதையும் எடுத்து வருவீங்க, தெரியும்.

வெளிவட்டம்
நாங்க எடுக்கல. நீங்கதான் எடுத்தீங்க.

சாண்டியாகோ_சாமி
வெர்லாண்டரைச் சொன்னீங்களே பூபதி, சொல்லிட்டு அப்படியே விட்டுட்டீங்க. 2017ல ஹூஸ்டனுக்கு 5-0, ERA 1.06, ALCS (அமெரிக்கன் லீக் இறுதித் தொடர்) MVP, கோப்பை. அது சில்லறை இல்லையே, பெரிய டிரேடுதானே?

கணக்குப்பிள்ளை
2017 ஹூஸ்டனா? எதிரணி சைகையைத் திருடி, பேட்டருக்குச் சொல்ல குப்பைத்தொட்டியைத் தட்டின சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

சாண்டியாகோ_சாமி
குப்பைத்தொட்டி பேட்டருக்குத்தான் உதவும், பிட்சருக்கு என்ன பண்ணிச்சு? வெர்லாண்டர் போட்ட பந்துக்கு யார் தட்டினா?

கணக்குப்பிள்ளை
அதுக்குத் தனி இழை திறங்க. இங்க பேசறது 88.

புல்பென்பூபதி
அந்த 88 வெற்றி, 73 தோல்வியைக் கூட்டிப் பார்த்தீர்களா? 161தான், சீசனுக்கு 162 வேண்டும். கொலராடோவுடன் செப்டம்பரில் மழையில் நின்ற ஓர் ஆட்டம், முடிவை மாற்றாது என்பதால் பிறகு ஆடப்படவே இல்லை. கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்தைக் காணவில்லை என்றுகூடக் கவனிக்கவில்லையே.

கணக்குப்பிள்ளை
கவனிச்சேன். அந்த மழை ஆட்டத்தையும் ஜெயிச்சதாவே எழுதிக்கங்க, 89. அப்பவும் டொரன்டோவுக்கு ரெண்டு கம்மி.