போர்த்கைன்: கல் நிறுவனம் போன பிறகும் ஊர் எப்படி நின்றது?

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். வேல்ஸின் பெம்புரோக்சயர் கரையிலுள்ள போர்த்கைன் என்னும் சிற்றூரின் படங்களைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. சிறு துறைமுகத்தை ஒட்டிக் கோட்டைச் சுவர்போல் உயர்ந்து நிற்கும் செங்கல் கட்டடங்கள் எதற்காகக் கட்டப்பட்டவை? கல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஊர், அது மூடிய பிறகும் ஆளற்றுப் போகாதது எப்படி? நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் நிலம் கைமாறியதும் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் தரைமட்டமாயின. கோயிலும் அதன் வாசலில் ஒரு வேப்பமரமுமே மிச்சம். அதனால்தான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற கிராணி:
அம்மா, நீங்கள் பார்த்தவை கல் தொட்டிகள். 19ஆம் நூற்றாண்டில் அவ்வூரார் முதலில் வெட்டியது கூரைக்கான சிலேட்டுக் கல். அருகிலுள்ள அபெரெய்தியிலிருந்தும் தண்டவாளப் பாதையில் சிலேட்டு வந்து சேர்ந்தது. வீணான சிலேட்டுத் தூளை அரைத்து, அழுத்திச் சுட்டுச் செங்கல் செய்தார்கள், கழிவே சரக்கானது. அதன்பின் சாலை போடும் காலம் வந்ததும், டோலரைட் என்னும் கடினப் பாறையை மலைமேல் உடைத்து, பருமன் வாரியாகப் பிரித்து அந்தத் தொட்டிகளில் கொட்டினார்கள். அடியிலுள்ள வாயைத் திறந்தால் கல் தானே சரிந்து கப்பலுக்குப் போகும். 1931இல் அந்த வேலை நின்றது.

கடல் தாண்டிப் படித்தவன்:
கார்டிப்பில் படித்த காலத்தில் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். உப்புக்காற்று அரித்து அந்தச் செங்கற்களின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. விரலால் தடவினால் செந்தூள் ஒட்டியது. துறைமுக வாயிலின் இருபுறமும் மாலுமிகளுக்காக வெள்ளையடித்த அடையாளத் தூண்கள் நிற்கின்றன. 1743ஆம் ஆண்டு முதல் இருக்கும் சுலூப் விடுதிக்கும் கரைப்பாதைக்கும் வரும் பயணிகளே ஊரைக் காப்பாற்றினார்கள் என்பது என் எண்ணம்.

பால்வெட்டுக்காரர் பேரன்:
தம்பி சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. பயணிகள் வருவார்கள், போவார்கள். வீடு யாருடையது என்பதே முதற்கேள்வி. போர்த்கைனின் வீடுகளும் துறைமுகமும் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தன. வேலை நின்று அரை நூற்றாண்டு கழித்து, 1980களில், ஊரார் ஒன்றுசேர்ந்து அவற்றை விலைக்கு வாங்கினார்கள். இது நமக்குப் புதிய கதை அன்று. ஆங்கில முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், உங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (மலாயா டாலர்) பணம் சேர்த்து, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கச் செய்தார். வாங்க முடிந்த தோட்டங்கள் சில. முடியாமல் போனவை மிகப் பல, உங்கள் தோட்டத்தைப் போலவே. என் பாட்டியின் பங்குப் புத்தகம் இன்னும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

தோட்டத்து மகள்:
மூவருக்கும் நன்றி. ஐயா, அந்தப் பங்குப் புத்தகத்தைப் படமெடுத்து இங்கே இட முடியுமா? பள்ளி விடுமுறையில் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வரும் பிள்ளைகளிடம் அதையும் போர்த்கைன் தொட்டிகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட விரும்புகிறேன்.