பொருள்: அறுவையோடு தரும் மாத்திரைக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி:
அனைவருக்கும் வணக்கம். கழுத்தில் தண்டுவடம் அமுங்கியவர்களுக்கு அறுவையோடு மருந்தும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்குத் தமிழ் ஒப்புதல் படிவம் எழுதும்போது ‘அட்ஜுவன்ட்’ (முதன்மைச் சிகிச்சையோடு கூடுதலாகத் தருவது) என்ற சொல்லில்தான் முட்டுகிறது. 2021இல் வெளிவந்த, ரிலுசோல் என்ற மருந்தைப் பற்றிய ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 300 பேரைச் சேர்த்தார்கள். 50 மி.கி. மாத்திரை நாளுக்கு இரண்டு வேளை, அறுவைக்கு முன் 14 நாள், பின் 28 நாள். ஆக 84 மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. ஆனால் அறுவை எல்லாருக்கும் உண்டு. இது சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘துணைமருந்து’ சரியா?

சித்த மருத்துவர், கடலூர்:
அம்மா, அது எங்கள் வீட்டுச் சொல். அனுபானத்தைத்தான் துணைமருந்து என்போம். சூரணத்தைத் தேனில் குழைத்தால் தேன் துணைமருந்து. மருந்தை உள்ளே கொண்டுசேர்ப்பது அதன் வேலை. இங்கே அறுவையை எந்த மாத்திரையும் சுமக்கவில்லையே! போதாக்குறைக்கு, ‘துணை மருத்துவம்’ என்றால் லேப் டெக்னீசியன் படிப்பு நினைவுக்கு வரும். ‘இணைமருந்து’ என்று வைக்கலாமா?

நரம்பு அறுவை மருத்துவர், புதுச்சேரி:
ஐயா, ‘இணை’ வேண்டாம். இணை என்றால் சமம் என்றும் பொருள். “கத்தி வைக்காமல் மாத்திரையிலேயே சரியாகிவிடுமா?” என்பதுதான் வெளிநோயாளிப் பிரிவில் முதல் கேள்வி, அதற்கு நாமே ஆமாம் போட்டதாகிவிடும். தண்டுவடத்தை அமுக்குவது பிதுங்கிய ஜவ்வு, எலும்பு முளை, தடித்த தசைநார். ரிலுசோல் இவற்றில் எதையும் கரைக்காது. நரம்பணுவில் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்து, குளுட்டமேட் என்ற நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் மிகுந்து நரம்பணு சாவதைக் குறைக்கும் என்பதே எதிர்பார்ப்பு. அதுவும் ஆறாம் மாதம் கை, கால், உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு சேர்ந்த 18 புள்ளி அளவீட்டில் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் காட்டவில்லை. என் வாக்கு ‘உடன்மருந்து’. உடன்பிறப்பில் வரும் அதே உடன்.

மொழிபெயர்ப்பாளர்:
டாக்டர், சொல் பிடித்திருக்கிறது. ஆனால் இடைவெளி விட்டு ‘உடன் மருந்து’ என்று அச்சானால் ‘உடனே போடும் மருந்து’ ஆகிவிடும். அறுவை நாளில் மட்டும் என்றும் சிலர் நினைப்பார்கள். மாத்திரையோ 14 நாள் முன்பே தொடங்குகிறது.

நரம்பு அறுவை மருத்துவர்:
உண்மை. சேர்த்தே எழுத வேண்டும். நாள் கணக்கைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். சாப்பிட்ட கையோடு போட்டால் ரிலுசோல் குறைவாகவே உடலில் ஏறும். உணவுக்கு ஒரு மணி நேரம் முன் அல்லது இரண்டு மணி நேரம் பின் என்பதும் வரட்டும். ஈரல் நொதி கூடலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும்.

சித்த மருத்துவர்:
உடன்மருந்துக்குச் சம்மதம். இன்னொன்று: படிவத்தில் ‘போலி மருந்து’ என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள் அம்மா, அது போலீஸ் கேஸ். டாக்டர் சொன்ன ‘வெற்று மாத்திரை’யே போதும்.

மொழிபெயர்ப்பாளர்:
மாற்றிவிட்டேன். வரி இப்போது இப்படி: “உங்களுக்கு ஆபரேஷன் கட்டாயம் நடக்கும். அதோடு சேர்த்து, 14 நாள் முன்பிருந்து 28 நாள் பின்பு வரை, உடன்மருந்தோ வெற்று மாத்திரையோ தரப்படும். எது என்பது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.”