மர ஆலை இணைப்பிலேயே மின்வாகனத்துக்கும் சார்ஜ் ஏற்றலாமா? திருகோணமலைக்காரர்கள் சொல்லுங்கள்

தம்பலகாமத்தான்

அப்பாவும் நானும் தம்பலகாமத்தில் சின்ன மர ஆலை ஒன்று நடத்துகிறோம். 20 குதிரைவலு மோட்டாரில் ஓடும் பேண்ட்சோ (பட்டை வாள்) ஒன்று, ரீப்பை அரிய ஒரு வட்ட வாள், பல் தீட்டும் மெஷின், அவ்வளவுதான். கரண்ட் இணைப்பு த்ரீ பேஸ், 60 ஆம்பியர். கூரையில் 10 கிலோவாட் சோலர் இருக்கிறது.

எங்கள் டீசல் வானுக்கு வயது போய்விட்டது. அதை விற்றுவிட்டுப் பாவித்த மின்கார் ஒன்றும், பலகை கொண்டுபோய்க் கொடுக்க மின் முச்சக்கர வண்டி ஒன்றும் எடுக்கலாம் என்பது என் எண்ணம். நகரம், கிண்ணியா, கந்தளாய் என்று எங்கள் ஓட்டமெல்லாம் பக்கத்தில்தான். த்ரீ பேஸ் லைன் வாசலில் நிற்கும்போது டீசலுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். குற்றி ஏற்ற வழக்கம்போல வாடகை லொறிதான் பிடிப்போம், அதில் மாற்றமில்லை. இரண்டு பக்க நியாயத்தையும் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

முதிரைக்கட்டை (கிண்ணியா)

தம்பி, உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. பலகையின் பாரத்தை நினைத்துப் பாருங்கள். பாலை தண்ணீரில் மூழ்கும் மரம். ஒரு கன அடி 30 கிலோவுக்குக் குறையாது. முதிரையும் ஏறக்குறைய அப்படித்தான். அரைத் தொன் ஏற்றும் முச்சக்கர வண்டியில் 15, 16 கன அடிக்கு மேல் வைக்க முடியாது. ஒரு வீட்டுக் கூரைக்கு மரம் கொடுக்கும்போது எத்தனை நடை போவீர்கள்? வழிப்பத்திரம் (மரம் கொண்டுபோகும் அனுமதி) தேவைப்படும் மரமென்றால் இன்னும் சிக்கல். அதில் திகதியும் வாகன இலக்கமும் எழுதியிருக்கும். சார்ஜ் தீர்ந்து வழியில் நின்றால் சாமானை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட முடியாது.

அந்தக் காசை வாளில் போடுங்கள் என்பேன். மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து வரும் பழைய வேம்பிலும் பாலையிலும் போர்க்காலத்துச் சன்னமும் ஷெல் துண்டும் இன்னும் கிடக்கின்றன. மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு துண்டு பட்டால் வாளின் பல் வரிசையாகப் போகும், வாள் அறுந்தால் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் ஒன்றும் நல்ல வாள் இரண்டும் வாங்கி வையுங்கள். கார் அதற்குப் பிறகு.

நிலாவெளி அக்கா

முதிரைக்கட்டை நானா, நீங்கள் சொன்ன பாரக் கதை முச்சக்கர வண்டிக்குத்தான், காருக்கு இல்லையே. டிடெக்டர் வாங்கச் சொன்னது நல்ல விஷயம், ஆனால் அதற்காகக் காரை நிறுத்தத் தேவையில்லை.

நான் மின்கார் ஓட்டுகிறேன். 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15 யுனிட் போகிறது. ஒரு பழைய டீசல் வான் அதே தூரத்துக்கு 10 லீற்றர் குடிக்கும். திருகோணமலை நகரத்திலிருந்து கந்தளாய்க்குப் போய் வர 80 கிலோமீற்றர், 12 யுனிட். என்ஜின் ஒயில் இல்லை, டீசல் ஃபில்டர் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. பிரேக் கட்டைகூட நெடுநாள் வருகிறது, ஏனென்றால் வேகம் குறையும்போது மோட்டாரே இழுத்துப் பிடிக்கிறது. நாளுக்குப் பத்து இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஓடும் ஆலைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

ஆனால் தம்பி, எந்தக் கார் என்பதில் கவனம். பாவித்த பழைய நிசான் லீஃப் இலங்கையில் நிறைய இருக்கிறது, விலையும் கைக்கு எட்டும். அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, காற்றுப்பட்டுத்தான் ஆற வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் ஊர் வெக்கை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டாஷ்போர்டில் பற்றரி ஆரோக்கியத்துக்கு 12 கோடுகள் காட்டும், முதல் கோடு அணையும்போதே ஏறத்தாழ 15 வீதம் போயிருக்கும். பழைய 24 கிலோவாட் மணி லீஃப் ஒன்றில் எட்டு ஒன்பது கோடுதான் மிச்சம் என்றால் நகரத்துக்குள் ஓட மட்டும் எடுங்கள். மட்டக்களப்புக்கு 130 கிலோமீற்றர், அந்த ஆசை வேண்டாம். வேகச் சார்ஜ் வாயையும் பாருங்கள். அந்த லீஃபில் இருப்பது சாடெமோ, இப்போது புதிதாக இறங்கும் பி.வை.டி. போன்ற கார்களில் சி.சி.எஸ். 2. வழியில் இருக்கும் சார்ஜரில் எது இருக்கிறது என்று தெரியாமல் கொழும்புக்குக் கிளம்பக்கூடாது.

வயர்மேன் (உப்புவெளி)

காரின் நன்மை தீமையை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் லைனைப் பற்றிச் சொல்கிறேன். கேட்ட கேள்வியும் அதுதான், இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

20 குதிரைவலு என்றால் 15 கிலோவாட். முழுப் பாரத்தில் ஒவ்வொரு பேஸிலும் 28 ஆம்பியர் அளவில் இழுக்கும். 7 கிலோவாட் கார் சார்ஜர் ஒற்றைப் பேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். 28 உடன் 32 சேர்ந்தால் 60. உங்கள் இணைப்பின் எல்லையே 60தான். வட்ட வாளையும் போட்டால் அந்தப் பேஸ் விழும். இது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள கணக்கு. ஸ்டார்ட் ஆகும்போது நேரடி ஸ்டார்ட்டர் என்றால் ஆறு மடங்குக்கு மேல் இழுக்கும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் அது மூன்றில் ஒன்றாகக் குறையும், அப்போதும் 55, 60 ஆம்பியர் வரும். வோல்டேஜ் சட்டென்று இறங்கினால் சார்ஜர் தானாக நின்றுவிடும். அப்புறம் பின்னேரம் போய்ப் பார்த்தால் கார் காலையில் விட்ட சார்ஜிலேயே நிற்கும்.

ஆகவே வாள் ஓடும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். இரவில் 10 ஆம்பியருக்குக் குறைத்து வைத்தால் மணிக்கு 2.3 யுனிட். பத்து மணித்தியாலத்தில் 23 யுனிட், அக்கா சொன்ன கணக்கில் 150 கிலோமீற்றர் ஓட்டம். உங்களுக்கு அதுவே தாராளம். நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் மீற்றர் என்றால் மாலை 6.30 முதல் 10.30 வரை தொடவே வேண்டாம், 10.30க்குப் பிறகு காலை 5.30 வரைதான் மலிவு.

முதிரைக்கட்டை (கிண்ணியா)

வயர்மேன் தம்பி சொன்னது எனக்குப் பிடித்தது. அப்படியே சோலர் கதையையும் முடித்துவிடுவோம். கூரையில் சோலர் இருக்கிறது, கார் சும்மா ஓடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு கிலோவாட் தகடு நம் பக்கத்து வெயிலில் மாதம் 110, 120 யுனிட் தரும். 10 கிலோவாட்டுக்கு 1,100, 1,200. உங்கள் மோட்டார் சராசரி அரைப் பாரத்தில் நாளுக்கு ஆறு மணித்தியாலம், மாதம் 25 நாள் ஓடினால் அதுவே 1,100 யுனிட் தின்றுவிடும். காருக்கு எங்கே மிச்சம்? அதோடு ஆலைக் கூரையில் மரத்தூள் படியும். கழுவாவிட்டால் அந்த 1,100உம் வராது.

இன்னொன்று, 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை மறந்துவிட்டீர்களா? 2025 பெப்ரவரி 9இலும் முழு நாடும் இருண்டது. ஆலையும் கரண்டில், வண்டியும் கரண்டில் என்றால் ஒரே நாளில் இரண்டும் படுக்கும். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் அடுக்கி வைக்கிறீர்கள்.

நிலாவெளி அக்கா

2022 ஐ நீங்கள் சொன்னபடியால் நானும் சொல்கிறேன். அதே வருசம் டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். ஓகஸ்ட்டில் கியூஆர் கோட்டா வந்த பிறகும் கிழமைக்கு இவ்வளவு என்று அளந்துதான் தந்தார்கள். சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கி நின்ற ஊரிலேயே வான்கள் வீட்டு முற்றத்தில் கிடந்தன. கரண்ட் 13 மணித்தியாலம் நின்றாலும் மிச்சம் 11 மணித்தியாலம் வந்தது. மெதுவாக ஏற்றினாலே ஊருக்குள் ஓட அது போதும். டீசல் தாங்கி காலியானால் காலிதான். இந்த வாதத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவே மாட்டேன் நானா.

சோலர் கணக்கு சரிதான். ஆனால் அதற்கு வழியிருக்கிறது. மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 225 யுனிட் போதும். 2 கிலோவாட் தகடு கூட்டினால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் போயாவுக்கும் ஆலை பூட்டியிருக்கும். வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்கு வேலையாட்கள் போகும் ஆலைகளில் அந்த இரண்டு மணித்தியாலமும் மோட்டார் நிற்கும். உச்சி வெயில், வாள் ஓடாத நேரம், சார்ஜுக்கு இதைவிட நல்ல நேரம் எது?

தம்பலகாமத்தான்

எல்லோருக்கும் நன்றி. வயர்மேன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. புதுக் கார்களில் காரிலிருந்தே கரண்ட் எடுக்கலாமாம். கரண்ட் நிற்கும் நாளில் அதை வைத்து ஆலையை ஓட்ட முடியுமா? சோலரும் இருக்கிறதே.

வயர்மேன் (உப்புவெளி)

முடியாது தம்பி. அந்தக் கார்களில் வெளியே வருவது ஒற்றைப் பேஸில் 2, 3 கிலோவாட் அளவுதான். லைட், ஃபேன், பல் தீட்டும் மெஷின் வரை ஓட்டலாம். 15 கிலோவாட் த்ரீ பேஸ் மோட்டாரை அது அசைக்கவும் மாட்டாது. சோலரும் பற்றரி இல்லாத சாதாரண இன்வேர்ட்டர் என்றால் வெளி லைன் கரண்ட் நின்றவுடன் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அதை மாற்றச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள்.

அதைவிட முக்கியமான இரண்டு விஷயம். முதலாவது எர்த். கடற்கரைப் பக்கத்து மணல் ஆடி ஆவணியில் காய்ந்துபோனால் எர்த் கம்பி பிடிக்காது. வீட்டுச் சாமான் ஓடும், கார் மட்டும் சார்ஜ் எடுக்க மறுக்கும். கார் பழுது என்று நினைத்து அலைய வேண்டாம், எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கம்பியை ஆழமாக இறக்கி, தேவைப்பட்டால் இன்னொன்றும் அடிக்க வேண்டும். சார்ஜருக்கு 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் தனியாக, ஏ வகையாகப் போடுங்கள். ஆலை மோட்டாரோடு ஒன்றாகச் சேர்த்தால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, சார்ஜரை ஆலைக் கொட்டிலுக்குள் மாட்டவே கூடாது. பிளக் துவாரத்துக்குள் மரத்தூள் புகுந்தால் தொடுப்பு சூடேறும். காய்ந்த தூள் குவிந்த இடத்தில் சூடான பிளக், அதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை. 13 ஆம்பியர் சாதாரணப் பிளக்கில் இரவு முழுக்க இழுப்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது உருகலாம். வீட்டுச் சுவரில், தாழ்வாரத்தின் கீழ், ஆலைப் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, மழையும் தூளும் புகாத பெட்டியில் போடுங்கள்.

முதிரைக்கட்டை (கிண்ணியா)

தூளைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி. மரத்தூளைக் கோழிப்பண்ணைக்கும் சூளைக்கும் கிழமைக்குக் கிழமை அனுப்பிவிட வேண்டும். குவித்து வைத்தால் உள்ளுக்குள் கங்கு பிடித்தாலும் வெளியே தெரியாது.

சரி, கார் எடுங்கள். வயர்மேன் சொன்ன மாதிரி இரவில் ஏற்றுவதென்றால் நான் மறுக்கவில்லை. முச்சக்கர வண்டியை மட்டும் என்னால் ஏற்க முடியாது. கார்த்திகை மார்கழியில் தம்பலகாமத்து வயல் தெரு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் தாழ்வாக ஓடும் வண்டி, பின்னால் அரைத் தொன் ஈரப் பலகை. அந்த இரண்டு மாதமும் லொறிதான் பிடிப்பீர்கள். வருசம் முழுக்க ஓடாத வண்டிக்குத் தவணை கட்ட வேண்டுமா?

நிலாவெளி அக்கா

அந்த இரண்டு மாதம் வீடு கட்டும் வேலையும் பாதிக்கு நிற்கும் நானா. பலகை கேட்டு யார் வருகிறார்கள்?

முதிரைக்கட்டை (கிண்ணியா)

வெள்ளத்துக்குப் பிறகு கதவு, நிலை, கூரை மரம் என்று எல்லோரும் ஒன்றாக வருவார்கள், அக்கா. தெரு காயும் முன்பே வருவார்கள். ஆலைக்காரருக்கு அதுதான் சீசன்.

தம்பலகாமத்தான்

அப்பாவுக்கு இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். காருக்குச் சம்மதம், முச்சக்கர வண்டி வரும் சித்திரைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். டிடெக்டர் இந்தக் கிழமையே வாங்குகிறோம். நானா, நீங்கள் எந்த மாதிரி பாவிக்கிறீர்கள், எத்தனை அங்குல ஆழம் வரை பிடிக்கும் என்று எழுதுங்கள். எங்களுக்கு வரும் குற்றி 48 அங்குலச் சுற்றளவுக்குக் குறையாது. வயர்மேன் அண்ணா, ஆலை ஓடும்போது மூன்று பேஸிலும் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிட்டு இங்கே போடுகிறேன், சார்ஜரை எந்தப் பேஸில் போடுவது என்று பார்த்துச் சொல்லுங்கள்.