சாப்பாடு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டியவர்கள் எழுதுங்கள்

தென்காசிப் பக்கத்து அம்மா:

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றும் நூலக அறைக்கு அலமாரிகளும் வாங்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் வந்தது தெரியும். முன்னாள் மாணவர்கள் நல்ல நிலையில் இருக்கிற பள்ளிகளுக்கு அது கைகொடுக்கும். எங்கள் ஊரில் அப்படிச் சம்பாதிக்கிற ஆட்கள் குறைவு. குழுவில் ஒரு பெரியவர், "ரசீதுப் புத்தகத்தோட போனா கதவைச் சாத்துவான், இலையைப் போடு, குடும்பத்தோட வருவான்" என்றார். சரி, சாப்பாட்டை வைத்தே ஏதாவது செய்வோம் என்று முடிவாகியிருக்கிறது.

உணவுத் திருவிழா என்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொழுக்கட்டையும் கம்பங்கூழும் கொண்டுவந்து மேசையில் அடுக்கினால் போட்டோ நன்றாக வரும், பணம் வராது. அது எனக்கே தெரியும். நிஜமாகவே பணம் கைக்கு வந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். கணக்கை யார் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கிள்ளான்காரி:

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய யாரைக் கேட்டாலும் கேண்டீன் தினத்தைப் பற்றி, அதாவது பள்ளியில் ஒருநாள் சாப்பாட்டுக் கடைகள் போட்டுப் பணம் திரட்டுவதைப் பற்றி, ஒரு கதை சொல்வார்கள். இங்கே 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் நிறையப் பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்துவிடும். மண்டபம், கூரை, கணினி அறை என்று வந்தால் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும்தான் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் பாதி அடுப்படியில்தான் நடக்கும்.

நாங்கள் செய்வது இப்படி. நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பே கூப்பன் புத்தகம் அச்சடித்துவிடுவோம். ஒரு புத்தகம் 10 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்). உள்ளே ஒரு வெள்ளி, ஐம்பது காசு என்று கிழித்துக் கொடுக்கிற மாதிரி இருக்கும். அப்பாக்கள் வேலையிடத்தில் விற்பார்கள், அம்மாக்கள் கோவிலில் விற்பார்கள். அன்றைக்கு எந்தக் கடையிலும் ரொக்கம் வாங்கக் கூடாது, கூப்பன் மட்டும்தான். காசு வேண்டுமென்றால் வாசலில் ஒரே ஒரு மேசை, அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆக, முதல் அடுப்பைப் பற்றவைக்கும்போதே எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கூப்பன் வாங்கிவிட்டு வராமல் இருப்பவர்கள் எப்போதும் உண்டு. தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர் மரியாதைக்காக ஒரு புத்தகம் வாங்குவார், ஞாயிற்றுக்கிழமை தூங்குவார். அந்தப் பணத்துக்கு நாம் ஒரு கரண்டிகூட அள்ளிப் போட வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம், பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் மிச்சம் ஒன்றுமே இராது. அரிசி ஒருவர், கோழி ஒருவர், எண்ணெய் ஒருவர் என்று முன்கூட்டியே பங்கு பிரித்துக் கேட்க வேண்டும். 500 வெள்ளி நன்கொடை கேட்டால் யோசிக்கிற மளிகைக்கடைக்காரர் மூன்று மூட்டை அரிசியை யோசிக்காமல் இறக்குவார்.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கடை. என்ன விற்பது என்பதைக் கூட்டத்தில் பேசி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாலு கடையில் மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்) இருக்கும், வடை ஒரு கடையிலும் இருக்காது. மலாய் ஆசிரியர்களும் குடும்பத்தோடு வருவார்கள், அதனால் கோழி ஹலால். மாட்டிறைச்சி பேச்சே கிடையாது. எல்லாரும் பிரியாணிக் கடைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். ஆனால் லாபம் அதில் இல்லை, தண்ணீர்க் கடையில் இருக்கிறது. சிராப் பண்டுங் என்பது ரோஸ் பாகு, பால், ஐஸ், தண்ணீர், அவ்வளவுதான். வெயில் ஏற ஏற வரிசை நீளும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கேண்டீன் தினம் நின்றுபோனது. அந்தத் தீபாவளிக்கு முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டைக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் சுட்டோம். மீதி என்ற பேச்சே வரவில்லை. என்னைக் கேட்டால் கேண்டீன் தினத்தைவிட இதில் தலைவலி குறைவு. ஆனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் இல்லை, அதுவும் உண்மை.

ஓய்வு பெற்ற வாத்தியார்:

கிள்ளான் அம்மா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு இடம் நெருடுகிறது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கூப்பன் புத்தகத்தைக் கொடுத்து விற்கச் சொல்லாதீர்கள். விற்க முடியாத பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. விற்பது பெரியவர்கள் வேலை.

மற்றபடி, ஊர் கூடிச் சோறு போட்டுப் பள்ளி நடத்துவது நமக்குப் புதிதல்ல. 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது அது ஊர்க்காரர்கள் கொடையை நம்பித்தான் தொடங்கியது. பிறகு அரசு செலவில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டாலும் மீதியை ஊர்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு கலயம் இருக்கும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அதில் போடுவார்கள், வாரக் கடைசியில் பெரிய வகுப்புப் பையன்கள் வந்து வாங்கிப் போவார்கள். பத்து ரூபாய் கொடு என்றால் இல்லை என்கிற வீட்டிலும் ஒரு பிடி அரிசி இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இப்போது காலைச் சிற்றுண்டி வரைக்கும் அரசே போடுகிறது, அந்தக் கலயத்துக்கு வேலை இல்லை. ஆனால் பொருளாகக் கேட்டால் கை தாராளமாக வரும் என்று அந்த அம்மா சொன்னது அன்றைக்கும் அப்படித்தான்.

கிள்ளான்காரி:

ஐயா சொல்வது நியாயம். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரியமே மூன்று வெள்ளிக் கூப்பன் இலவசமாகக் கொடுத்துவிடும், வாங்கியவர் பிள்ளை, வாங்காதவர் பிள்ளை என்று பார்ப்பதில்லை. ஒரு பிள்ளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவோம்.

வென்ட்வர்த்வில் அப்பா:

சிட்னியிலிருந்து எழுதுகிறேன். இங்கே பள்ளிக்கூடங்களுக்குப் பணம் கொட்டுகிற நாள் தேர்தல் நாள்! சிரிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். தேர்தல் சனிக்கிழமையில்தான் வரும். பள்ளிகள்தான் பெரும்பாலும் வாக்குச்சாவடி. காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை ஊரே பள்ளி வாசலில் வரிசையில் நிற்கும். இதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும்? பெற்றோர் சங்கம் வாசலில் இரும்புக்கல்லைப் போட்டு சாசேஜ் (அரைத்த இறைச்சியை அடைத்த குழல்) சுடும். ஒரு துண்டு ரொட்டி, அதில் ஒரு சாசேஜ், வதக்கின வெங்காயம், தக்காளி சாஸ். 'ஜனநாயக சாசேஜ்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2016-ல் இங்குள்ள தேசிய அகராதி மையம் அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. எந்தச் சாவடியில் சாசேஜ் உண்டு என்று வரைபடம் போடுகிற இணையதளம்கூட இருக்கிறது.

எங்கள் பகுதியில் தமிழர், குஜராத்தியர், பஞ்சாபியர் அதிகம். பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் இதைச் சாப்பிட மாட்டார்களே, அவர்களிடம் எதை விற்பது? அப்புறம் ஹலால் சாசேஜுக்கு ஒரு கல், சைவத்துக்குத் தனிக் கல், தனி இடுக்கி என்று ஆனது. பக்கத்து மேசையில் நம் ஆட்கள் மசால் வடையும் சமோசாவும் வைத்தார்கள். வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் வடையை ரொட்டித் துண்டில் வைத்து சாஸ் ஊற்றிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது என் மனைவிக்கு நெஞ்சே நின்றுவிட்டது. வெங்காயம் நறுக்குகிற வேலை மட்டும் எப்படியோ எப்போதும் இந்தியர்கள் தலையில்தான் விழுகிறது. ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சமீபத்திய தேர்தல்களில் முன்கூட்டியே வாக்களித்துவிடுபவர்கள் பெருகிவிட்டார்கள், சனிக்கிழமைக் கூட்டம் முன்பு மாதிரி இல்லை. பழைய கணக்கை வைத்து ரொட்டி வாங்கினால் மிஞ்சும். தென்காசி அம்மாவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால், ஆட்களைப் பள்ளிக்கு வரவழைக்கப் பாடுபடாதீர்கள். ஏற்கெனவே கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே அடுப்பைக் கொண்டுபோங்கள். உங்கள் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள்?

ஹரோவில் வசிக்கும் கரவெட்டிக்காரி:

இங்கே லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிறோம். செலவில் பெரியது மண்டப வாடகை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்துத்தான் படிப்பிக்கிறோம். கலைவிழாவன்று கொத்து றொட்டி (தகரத்தில் கொத்திப் போடுகிற றொட்டி), மட்டன் றோல்ஸ், பற்றிஸ் (உள்ளே கறி வைத்துப் பொரித்த பலகாரம்) விற்றுத்தான் அந்த வாடகையில் ஒரு பகுதியைச் சமாளிக்கிறோம். கொத்து அடிக்கிற சத்தம் கேட்டாலே ஆக்கள் மண்டபத்தை விட்டு எழும்பி வந்துவிடுவார்கள். மேடையில் நிற்கிற பிள்ளையளுக்குத்தான் பாவம். பிறகு நாங்கள் ஒரு விதி வைத்தோம், இடைவேளை வரைக்கும் கொத்து அடிக்கிற தகரத்தில் கை வைக்கக் கூடாது!

எப்போதாவது ஒருமுறை தொண்டாகச் சமைத்து விற்கிறதுக்கு இங்கே உணவு வியாபாரமாகப் பதிய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வாமை விஷயத்தில் கவனம் வேண்டும். இங்கே சட்டத்தில் 14 பொருள்கள் பட்டியலில் இருக்கின்றன. நிலக்கடலை, பால், முட்டை எல்லாரும் அறிந்தது. அதே பட்டியலில் கடுகும் எள்ளும் இருக்கின்றன! எங்கட சமையலில் கடுகு தாளிக்காமல் என்ன இருக்கிறது? நல்லெண்ணெய் ஊற்றினால் அது எள். கடைப் பெருங்காயத்தில் அனேகமாகக் கோதுமை மா கலந்திருக்கும், அப்படியென்றால் சாம்பாரிலும் கோதுமை என்று எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு சட்டிக்கும் முன்னால் ஒரு அட்டை வைக்கிறோம், சமைத்தவரே தன் கையால் எழுத வேண்டும். மாமிமாருக்கு முதலில் கோபம், "என்ர கறியில என்ன விஷமா இருக்கு?" என்று. உங்களுக்கு அங்கே இந்தச் சட்டம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை எந்த ஊரிலும் இருக்கும்.

கீரமங்கலத்தான்:

எல்லாரும் கூப்பன் கூப்பன் என்கிறீர்கள். எங்கள் பக்கம் விலை போட்டு விற்றால் வருகிற பணத்தைவிட விலை போடாமல் விட்டால் வருகிற பணம் அதிகம். புதுக்கோட்டை மாவட்டத்திலும் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடும், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மேசை, தனி நோட்டு. எழுதினதை அவர்கள் விருந்து வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன்தான் அது, நடுவில் ஆட்டுக்கறி இருப்பதால் கடன் மாதிரித் தெரியாது.

எங்கள் பக்கத்து ஊரில் பள்ளிச் சுற்றுச்சுவருக்காக இதே முறையில் ஒரு விருந்து வைத்தார்கள். பேச்சு எழுந்தது ஒரே இடத்தில்தான்: பள்ளிக்கூடம் திருப்பி மொய் செய்யுமா? செய்யாது. அதனால் அழைப்பிதழிலேயே 'திரும்பாத மொய்' என்று அடித்துவிட்டார்கள். மொய் மேசையில் உட்கார்ந்து எழுதியவர் ஊரில் எல்லாருடைய வரவு செலவும் தெரிந்த ஆள். அவர் முன்னால் நின்றுகொண்டு நூறு ரூபாய் நீட்ட யாருக்கும் மனசு வரவில்லை. எழுதினதை மைக்கில் வாசித்தார்கள். இது கொஞ்சம் முரட்டுத்தனம்தான், இல்லாதவனைக் கூசவைக்கும். அதனால் பெண்கள் பக்கம் வாசிக்க வேண்டாம் என்று ஒரு அக்கா சண்டை போட்டு நிறுத்தினார். ஆச்சரியம் என்னவென்றால் பெண்கள் பக்க வசூல் குறையவில்லை.

தென்காசிப் பக்கத்து அம்மா:

எல்லாருக்கும் நன்றி. எங்கள் ஊரில் மொய் விருந்துப் பழக்கம் கிடையாது, அதனால் கூப்பன்தான் சரிவரும் என்று தோன்றுகிறது. கொடை சமயத்தில் கோவில் பக்கத்திலேயே வைப்பதற்கு இன்றைக்கே தர்மகர்த்தாவிடம் பேசுகிறேன். சிராப் பண்டுங்குக்குப் பதில் நன்னாரி சர்பத். கீரமங்கலம் அண்ணே, அந்தச் சுற்றுச்சுவர்ப் பணத்தைக் கடைசியில் யார் கையில் கொடுத்தார்கள்?

கீரமங்கலத்தான்:

யார் கையிலும் கொடுக்கவில்லை தங்கச்சி. மேலாண்மைக் குழுவுக்கு வங்கிக் கணக்கு இருக்கும், தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். மறுநாள் காலையில் நாலு பேர் போய் அதில் கட்டிவிட்டு, மொய் நோட்டை நகல் எடுத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தொகையைப் போடாமல் பேரை மட்டும் ஒட்டச் சொன்னதும் அதே அக்காதான்.

கிள்ளான்காரி:

தங்கச்சி, கூப்பனில் வரிசை எண் போட்டு, பள்ளி முத்திரை குத்தி அச்சடியுங்கள். சாதாரணத் தாளில் அடித்தால் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் இன்னொரு நூறு புத்தகம் பிறந்துவிடும். வண்ணத் தாளாக இருந்தால் நல்லது. சர்பத்துக் கடைக்கு மட்டும் ஐஸ் கட்டியை இரண்டு தடவையாக இறக்கச் சொல்லுங்கள், காலையில் மொத்தமாக வாங்கினால் பன்னிரண்டு மணிக்குப் பாதி தண்ணீராகிவிடும்.