ரத்ததான முகாமில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்: அடுத்து என்ன டெஸ்ட்?

குடவாசல்காரர்:
தம்பிக்கு வயசு 28. முகாமில் எடுத்த கார்டு டெஸ்ட்டில் (சில நிமிடத்தில் கோடு காட்டும் சோதனை) ஹெச்.பி.எஸ்.ஏஜி (ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம்) பாசிட்டிவ். மஞ்சள் காமாலை இல்லை, எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) 34, நார்மல். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். அது போதுமா?

மன்னார்குடி லேப்:
கார்டை மட்டும் நம்பாதீங்க. கிட்டில் போட்ட நேரம் தாண்டிப் பார்த்தால் மங்கலாகப் பொய்க்கோடு விழும். எலிசாவில் (லேபில் செய்யும் துல்லியமான ரத்தச் சோதனை) உறுதி செய்யுங்க. பிறகு ஆன்டி ஹெச்.பி.சி. ஐ.ஜி.எம். (தொற்றின் தொடக்கத்தில் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்): பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் புதுத் தொற்று. 6 மாதம் கழித்தும் ஹெச்.பி.எஸ்.ஏஜி இருந்தால் நாள்பட்டது. ஹெச்.பி.இ.ஏஜி (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்), வைரஸ் டி.என்.ஏ. அளவு, பிளேட்லெட், வயிற்று ஸ்கேன் எல்லாம் வேணும். ஊசியில் வேகமாக இழுத்து ரத்த அணு உடைந்தால் எஸ்.ஜி.ஓ.டி. (இன்னொரு கல்லீரல் நொதி) பொய்யாக ஏறும், சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) சிவந்திருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்க.

கும்பகோணம் மருத்துவர்:
எஸ்.ஜி.பி.டி. 34 என்பதால் நிம்மதி வேண்டாம், 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கீழாநெல்லி வைரஸை விரட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பெரியவர்களுக்குப் புதுத் தொற்று பெரும்பாலும் தானே போய்விடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு! டெனோஃபோவிர் (வைரஸை அடக்கும் மாத்திரை) ஆரம்பித்தால் தானாக நிறுத்தக் கூடாது, கல்லீரல் திடீரெனக் கொதித்தெழும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாராயம் அறவே கூடாது.

குடவாசல்காரர்:
நன்றி டாக்டர். அவன் மனைவி 5 மாத கர்ப்பம்.

கும்பகோணம் மருத்துவர்:
அவருக்கு நாளைக்கே ஹெச்.பி.எஸ்.ஏஜி பாருங்கள். நெகட்டிவ், எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி 0, 1, 6 மாதம், கர்ப்பத்திலும் போடலாம். பாசிட்டிவ் என்றால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள் ஊசி) போட வேண்டும். பிளேடு, பிரஷ் தனி. தட்டு தம்ளரை ஒதுக்க வேண்டாம்.